மெயினை அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

அவரை எல்லோரும் 'எஸ்டிமேட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலைக்கு வந்தால் முழுச்செலவையும் சொல்லாமல் கருவிப்பையைத் திறக்க மாட்டார். சொன்ன தொகையை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். "கல்யாண மேடையிலேயே என் முகத்தைப் பாக்காம சீரியல் செட்டைத்தான் எண்ணிக்கிட்டிருந்தாரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"ஒரு பிளக் பாயின்ட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. அதற்கு அவரிடம் ஒரே பதில்தான்: "பிளக்கு சல்லிசுதாங்க. அதுக்குக் கரண்ட் எந்த வழியா வருதோ, அந்த வழிக்குத்தான் காசு. செவுத்தைக் கீறணும், பழைய வயரை உருவணும், மறுபடி பூசணும்."

அன்று அவர் போனது வரிசை வீடுகளில் முதல் வீட்டுக்கு. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் துடைத்து முன்பணம் கட்டி, குழந்தைகள் காப்பகம் தொடங்கப்போகும் ஒரு பெண் அதை வாடகைக்கு எடுத்திருந்தாள். மொத்தச் செலவு தெரிந்தால்தான் அவள் அண்ணன் மீதிப் பணத்தைத் தருவானாம்.

"ஒரே தொகையா சொல்லுங்கண்ணே. அப்புறம் அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சுன்னு வந்து நிக்காதீங்க. எங்க அண்ணன் என்னைத் தொலைச்சுடுவான்."

"நான் வந்து நிக்கிற ஆளாம்மா?"

மெயினை அணைத்தார். முன்னறை, சமையலறை எல்லாம் செத்துக் கிடந்தன. குழந்தைகள் தூங்குவதற்கென்று அவள் பாய் விரித்து அளவு பார்த்து வைத்திருந்த பின்னறையில், சுவரோரம் முழங்கால் உயரத்தில் இருந்த பழைய பிளக்கில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

மெயினை மறுபடி போய்ப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. பியூஸையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அப்போதும் எரிந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது போலும் என்று போய்க் கதவைத் தட்டினார். அங்கே ஒரு தையல்காரர். அவர் வீட்டு மெயினை அணைத்தும் தையல் மிஷின் விளக்கு சுகமாக எரிந்துகொண்டிருந்தது. தையல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அது அந்த ரிட்டையர்டு ஆபீசர் வீட்டுலேருந்து வருதுங்க. ரொம்ப வருஷமா ஓசிதான். அவர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும்."

மூன்றாவது வீட்டு ஆபீசர் உத்தியோகத்தில் இருந்தபோது விறைப்புக்குப் பேர்போனவர். இப்போது அவர் மீன் தொட்டிக்குக் காற்று ஊதுவது அந்தக் கரண்ட்தான். "கடைசி வீட்டுலேருந்து வருது. பூட்டிக் கிடக்கிற வீடுதானே, யாருக்கு நஷ்டம்?" என்றார். கடைசி வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே!

எஸ்டிமேட் திறந்து பார்த்தார். மீட்டர் இல்லை, கழற்றி எடுத்த இடத்தில் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வயரைத் தடவிக்கொண்டே போனார். பின்சுவர்வரை போய், அங்கிருந்து நேரே இறங்கித் தரைக்குள் நுழைந்தது. சுவருக்கு அப்பால் வெற்று மனை; ஒரு கம்பம்கூடக் கிடையாது. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

மின்வாரியத்திலிருந்து ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் தெருமுனைக் கம்பத்தில் மொத்தத் தெருவின் இணைப்பையும் துண்டித்தார். எல்லா வீட்டு மின்விசிறியும் நின்றது. தையல் மிஷின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது; ஆபீசரின் மீன் தொட்டியிலும் குமிழ் வந்துகொண்டிருந்தது. வாரியத்துக்காரர் கொஞ்ச நேரம் மீன்களையே பார்த்தார்.

"இது எங்க கரண்ட் இல்ல. எங்களுது இல்லாத கரண்டுக்கு எங்ககிட்ட புகார் ஃபாரமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியைக்கூட உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில்தான் கிளப்பினார்.

எஸ்டிமேட் முதல் வீட்டுக்குத் திரும்பினார். அவள் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மத்த எல்லாத்துக்கும் ரேட்டு போட்டுட்டேம்மா. இது ஒண்ணுக்குப் போட முடியல."

"வெட்டிவிட்டுப் பூசி மூடிட்டா?"

"மூடலாம். செவுத்துக்குள்ள உசுரோடதான் இருக்கும். எதை அணைச்சா அது அணையும்னு எனக்குத் தெரியலையே. கொழந்தைங்க சாஞ்சுக்கிற செவுரு இது."

"இங்க வாடகை கம்மின்னு தரகர் சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்." அவள் சுவரைப் பார்த்தாள். "அட்வான்ஸ் திரும்பி வராது, இல்லண்ணே?"

"வராதும்மா."

அவள் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வீட்டைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கப் போனாள்; திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் தையல்காரரும் ஆபீசரும் முதல்முறையாக ஒன்றாக நின்றிருந்தார்கள்.

"வெட்டிடலையே?" என்றார் ஆபீசர்.

"இல்லீங்க."

"அப்பாடா!"

தையல்காரர் இன்னும் நெருங்கி வந்தார். "அந்தம்மாதான் போயிட்டாங்களே. அப்ப அதுலேருந்தே எனக்கு இன்னொரு பாயின்ட் இழுத்துக் குடுத்துடுங்களேன். எவ்வளவு ஆகும்?"

எஸ்டிமேட் வாயைத் திறந்தார். தொகை எதுவும் வரவில்லை. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையில் கால் அழுந்தப் படாமல் மெல்ல மெல்லத் தெருவைக் கடந்து போனார்.