ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாம்

ஃப்ரீமான்ட் வீட்டுக் கராஜில் பெட்ரோல் வாடையும் சோப்புத்தூள் வாடையும் கலந்து அடிக்கும். அன்று அங்கே அப்பா இருந்தார். கைக்குழந்தைத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா இருந்தாள். கார்ட்லெஸ் போனில் ஈரோட்டுச் சித்தப்பா இருந்தார். வாஷிங் மெஷின் மேல் நான் இருந்தேன். ஆத்தா மட்டும் இல்லை. அவள் காதில் விழக்கூடாது என்றுதான் கராஜுக்கே வந்திருந்தோம்.

ஆத்தா என் கொள்ளுப்பாட்டி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'ஆத்தா'தான். அன்று ஈரோட்டில் இறந்துபோனவர் அவள் மூத்த மகன், என் அப்பாவின் அப்பா. நாங்கள் 'அப்பாரு' என்போம்.

"எண்பத்தெட்டு வயசு. சொன்னா தாங்க மாட்டாங்க," என்றார் அப்பா.

யார் தாங்க மாட்டாள்? பதினாலு வயதில் கல்யாணமாகி, ஆறு பெற்று, நாலைக் குழியில் வைத்து, புருஷனையும் அனுப்பிவிட்டு, காரியம் முடிந்த மறுவாரமே தறியில் போய் உட்கார்ந்தவள். அவளா தாங்க மாட்டாள்? காரணம் வேறு. அம்மா அப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். தம்பிக்கு டேகேர் ஆத்தாதான். அதற்காகத்தான் விசிட்டர் விசாவில் அவளை வரவழைத்தார்கள்.

"தெரிஞ்சா ஊருக்குப் போகோணும்னு நிப்பாங்க. அப்புறம் நான் எப்படிங்க வேலைக்குப் போறது?" என்று அம்மா வாய்விட்டே கேட்டாள். அப்பாவுக்குக் கிரீன் கார்டு பேப்பர் உள்ளே இருந்தது, நடுவில் நாட்டை விட்டுப் போகக்கூடாது. அவரும் போகவில்லை. சித்தப்பாவே கொள்ளி வைத்தார்.

ஞாயிறுதோறும் போன் கார்டு நம்பரை அழுத்தி ஆத்தா கையில் கொடுப்பார்கள். "அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு ஆத்தா, பேச முடியல" என்பார் சித்தப்பா. ஒவ்வொரு வாரமும் அதே தொண்டை. "சுக்கு தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் குடுடா, சோம்பேறி!" என்று ஆத்தா கத்துவாள். செத்தவருக்குக் கசாயம். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் நின்றேன்.

தீபாவளி வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அம்மா எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. "இந்த ஊர்ல லீவு இல்லீங்காத்தா" என்று சமாளித்தாள். ஆத்தாவும் சரி என்றுவிட்டாள்.

சாயங்காலம் எங்களுக்குத் தெரிந்த மூன்று தமிழ் வீட்டு ஆன்ட்டிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆத்தாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. ஆனால் கையும் காலும் பழகினபடி செய்துவிட்டன. பண்டிகை இல்லாத வீட்டுக்கு மற்றவர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முறுக்கு, அதிரசம், லட்டு என்று டப்பா டப்பாவாக வைத்தார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை. ஒருத்தியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது ஒருத்தியும் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை.

சோபாவில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது ஆன்ட்டி போய்க் கதவு மூடியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, நம்மூட்ல ஆரு?"

"அப்பாரு," என்றேன்.

"எப்போ?"

"ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி."

தம்பியை என் கையில் கொடுத்தாள். பாத்ரூமுக்குப் போய், பச்சைத் தண்ணீரைக் கட்டின சேலையோடு தலைக்கு ஊற்றினாள். சேதி கேட்டதும் ஊற்ற வேண்டிய தண்ணீர். குவளைச் சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது.

அப்பா வந்து, விஷயம் தெரிந்ததும் என்னை அறைந்தார். "உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

ஈரம் சொட்டச் சொட்ட ஆத்தா வெளியே வந்தாள். "புள்ளைய ஏன்டா அடிக்கற? எம்பட மவனுக்கு நான் அழுவறதுக்கு உங்கிட்டப் பர்மிட்டு வாங்கோணுமா? மூஞ்சியுந்தான் பாக்க உடல, அழுவக்கூடவாடா உடல?"

"டிக்கெட்டப் போடு" என்றாள் ஆத்தா. அதையும் உடனே போடவில்லை. தம்பிக்கு டேகேரில் இடம் கிடைத்த பிறகுதான் போட்டார்கள். அதுவரை அவள் தம்பியைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், அப்பாவோடு ஒரு சொல் பேசவில்லை. ஊருக்குப் போய் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தாள். அப்பா போன் பண்ணினால் கடைசிவரை வந்து வாங்கவே இல்லை.

இப்போது ஆத்தா இல்லை. அந்த வீட்டையும் விற்றாயிற்று. போன் கார்டு போன இடம் தெரியவில்லை. ஊரில் ஓர் உயிர் போனால் அடுத்த நிமிஷம் எல்லோர் கைபேசியிலும் படத்தோடு வந்து நிற்கிறது. யாரிடமும் யாரும் எதையும் மறைக்க முடியாது.

போன மாதம் அப்பா கூப்பிட்டார். அவருக்கே எழுபது ஆகிவிட்டது. "சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்ல கண்ணு. எதாவதுன்னா எங்கிட்ட மறைக்காமச் சொல்லிரு."

சரி என்று நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, அப்பாரு போனதிலிருந்து ஆத்தாவிடம் மறைத்த நாட்களை விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்டில் இருபத்திரண்டு. செப்டம்பர் முப்பது. தீபாவளி வரை அக்டோபரில் பத்தொன்பது.

எழுபத்தொரு நாள்.