டாங்கிக்குள் கீறிய பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். நல்ல வெயில். கடையில் ஈ, காக்கை இல்லை.

என் பழைய பாத்திரக் கடைக்கும் பக்கத்து டீக்கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே டி.வி. போட்டால் எனக்கும் சேர்த்துத்தான் செய்தி. அன்றைக்கு, ஏதோ ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் பழைய போர் டாங்கிகளை வாங்கியிருக்கிறதாம். ராணுவத்தை நவீனமாக்குகிறார்களாம். எந்த நாடு என்பது காதில் விழவில்லை. எட்டிப் பார்த்தேன். கப்பலில் இருந்து ஒவ்வொன்றாக இறங்குகிறது. பெயின்ட் பளபள என்று... நேற்றுச் செய்தது மாதிரி. ஒரு பெரிய அதிகாரி பக்கத்தில் வந்து, விரலை மடக்கி டாங்கியின் நெற்றியில் தட்டிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்டா வாங்க வருகிறவர்களும் இப்படித்தான் தட்டுவார்கள். தட்டியதில் என்ன தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது!

ஆட்டோ ஓட்டும் கணேசன் டீ கிளாஸோடு திரும்பினான். டீக்கடைக்காரர் சுடலை அண்ணாச்சியிடம் கேட்டான்.

"பாத்தீரா வே... டாங்கியும் செகண்ட் ஹேண்டுல வாங்குதான்!"

"பின்னே? ஷோரூம்ல போயி பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சா எடுக்க முடியும்?"

"மைலேஜ் என்ன குடுக்கும் அண்ணாச்சி?"

"அது யாரு ஓட்டுனதுன்னு பாக்கணும்லே. டாக்டர் ஓட்டுன வண்டின்னா நம்பி எடுக்கலாம்."

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கணேசன் அதோடு விட்டானா? தகரத்தில் தட்டி என்னைக் கூப்பிட்டான்.

"உம்மா, செகண்ட் ஹேண்டுல உங்களை மிஞ்ச ஆளு உண்டுமா? ஒரு டாங்கி எடுத்து கடை வாசல்ல போடுங்க. நான் வாங்குதேன். என் பேரை மட்டும் வெட்டிக் குடுத்துருங்க!"

அதற்குமேல் எனக்குச் சிரிக்க வரவில்லை. அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு என்ன தெரியும்?

என் மகன் சாகுல் அரபு நாட்டில் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு 'பெயின்ட் கம்பெனி' என்று சொல்லி வந்தேன். முழுப் பொய் இல்லை. ஆனால் அங்கே பெயின்ட் அடிப்பது கதவுக்கும் ஜன்னலுக்கும் இல்லை. பழைய டாங்கிகளுக்கு.

இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதித்தான் தீர வேண்டும் போல இருக்கிறது.

முதலில் என் தொழிலைச் சொன்னால்தான் அங்கே சாகுல் செய்த தப்பு விளங்கும்.

வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம். கல்யாணச் சீர் என்றாலும் சரி, புதுவீட்டுக்குக் கொடுப்பது என்றாலும் சரி, பெயர் இல்லாமல் கொடுத்தால் கொடுத்த மாதிரியே இருக்காது. அந்தப் பாத்திரங்கள்தான் ஒருநாள் என் கடைக்கு வருகின்றன. பாகம் பிரித்த வீடு, ஊரை விட்டுப் போன வீடு, மவுத்து விழுந்து ஆள் இல்லாமல் போன வீடு... எல்லா வீட்டில் இருந்தும் வரும். நசுங்கலை எடுத்து, ஈயம் பூசி, புளி போட்டுத் துலக்கி வைத்தால் முகம் பார்க்கலாம்.

ஆனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம். பழைய பெயரை அழிக்க மாட்டோம். வாங்குகிறவர் பெயரை அதற்குக் கீழே வெட்டிக் கொடுப்போம். என் வீட்டுக்காரர் இருந்த நாளில் இருந்து அப்படித்தான். மூன்று பெயர் உள்ள அண்டாகூட என் கடையில் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்ச எழுத்தை இந்த அண்டாவிலும் குத்துப்போணியிலும் தடவித் தடவித்தான் படித்தேன். அதனால் இனிஷியல் எல்லாம் எனக்குத் தப்பாது!

ஒருமுறை சேரன்மகாதேவியில் இருந்து ஒரு அம்மாள் வந்தாள். மகளுக்குச் சீர் வைக்கப் பெரிய தவலை ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இந்தப் பேரை அரத்தால ராவித் தந்துருங்கம்மா. அடுத்தவ பேரு போட்ட தவலையை வச்சா சம்பந்தக்காரி சிரிக்க மாட்டாளா?"

"அவ வீட்டுத் தவலையைத் திருப்பிப் பாரு தாயி. அங்கயும் ஒருத்தி இருப்பா."

"வெளையாடாதீய. ராவுங்க."

"ராவுனா அந்த இடம் மெலிஞ்சிரும். அடுப்புல ஏத்துனா அங்கனதான் முதல்ல ஒழுகும்."

"நீங்க ராவலைன்னா அடுத்த கடையில ராவிக் குடுப்பான்."

"அப்பம் அங்க போ!"

போய்விட்டாள். நான் வருத்தப்படவில்லை. ஒழுகும் என்று சொன்னதும் உண்மைதான். ஆனால் அது பாதிதான். ஒருத்தி ஆசையாக வெட்டி வாங்கிய பெயர். அவளிடம் கேட்காமல் அதன்மேல் அரத்தை வைக்க நான் யார்? அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கடையில்தான் சாகுல் வளர்ந்தான். வாப்பாவிடம் பெயர் வெட்டப் படித்தான். சின்ன உளி, சின்னச் சுத்தியல். புள்ளி புள்ளியாக அவன் வெட்டினால் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். உளியை வைக்கும்போது, அல்லாஹ்வின் பேரால் என்று, பைய பிஸ்மி சொல்லுவான். அடுத்தவர் பெயரை அல்லவா தொடுகிறோம்!

போன தடவை விடுப்பில் வந்திருந்தபோது ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தான். சீவலப்பேரியில் இருந்து ஒரு குடும்பம் வந்து குடம் எடுத்தது. "லே சாகுலு, உன் கையால ஒரு பேரு வெட்டிக் குடு" என்றேன். உளியை எடுத்தான். குடத்தில் வைத்தான். அப்படியே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து உளியைத் தரையில் வைத்துவிட்டான்.

"கை வரலை உம்மா."

வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். பிறகு கேட்டேன். பைய, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

அவன் வேலை பார்க்கும் பட்டறைக்குக் கப்பல் கப்பலாகப் பழைய டாங்கி வருமாம். ஒரு நாட்டுக்குப் பழசாகிப் போனதை இன்னொரு நாடு வாங்கும். நடுவில் இவர்கள் இன்ஜின் மாற்றி, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். சாகுலுக்குக் கையால் எழுத்து வெட்டத் தெரியும் என்று தெரிந்து, டாங்கிகளில் புது நம்பர் வெட்டச் சொன்னார்களாம். வெட்டினான். எப்படி? பழைய நம்பரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே, கோடு பிடித்த மாதிரி, புது நம்பர்!

"நம்ம கடையில வெட்டுத மாதிரியே வெட்டிட்டேன் உம்மா. நாலு டாங்கி முடிச்ச பொறவுதான் போர்மேன் பாத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"'புதுசு மாதிரின்னு சொல்லி விக்கோம், நீ பழைய நம்பரைக் காட்டிக்கிட்டு நிக்கியே'ன்னு சத்தம் போட்டான். 'பழசுமேல அவ்வளவு பாசமா? கிரைண்டரை எடு. உள்ள இருக்கிற பழசையெல்லாம் இனிமே நீதான் அழிக்கணும்'னுட்டான்."

"உள்ள என்னலே இருக்கு?"

"பேரு."

ஓட்டுகிறவன் சாய்ந்து உட்காரும் பள்ளத்தில், குண்டு போடுகிறவன் தோள்பக்கத்தில், ஆணியாலோ கத்தி முனையாலோ கீறி வைத்திருப்பார்களாம். அவனுக்குத் தெரியாத எழுத்து.

"தெரியாத எழுத்துன்னா, பேருதான்னு எப்படிக் கண்டே?"

"பேரு தெரியாதா உம்மா எனக்கு? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கை. ஒண்ணு சரிஞ்சு போகும், ஒண்ணு நேரா நிக்கும். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. நம்ம அண்டாவுல இருக்கே... அது மாதிரியேதான்."

நான் பக்கத்தில் இருந்த அண்டாவைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒரு வண்டியில உக்காருத இடத்துக்குப் பக்கத்துல தகடு வச்சு ஒட்டுப் போட்டிருந்துச்சு. குண்டு துளைச்ச இடம். கடைசிப் பேரு பாதி அந்த ஒட்டுக்குள்ள போயிருச்சு. மிச்சப் பாதியை நான்தான் அழிச்சேன்."

கீழே கிடந்த உளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேலை தொடங்கும்போது பிஸ்மி சொல்லுவோம்லா? அங்கன நாக்கு எழும்பலை உம்மா. இதுக்குப் போயி எப்படிச் சொல்ல?"

அவன் சொல்லி முடித்த பிறகு ஒன்று தோன்றியது. நாம் புதுசு, புதுசு என்கிறோமே... புதுசு என்றால் என்ன? முன்னால் யாருடையது என்று தெரியாதது. அவ்வளவுதானே? தெரிந்தால் அதை ஓட்டப் போகிறவனுக்கு உள்ளே இறங்கி உட்கார மனசு வருமா? அவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. அவனும் அந்தப் பள்ளத்தில் சாய்ந்துகொண்டு, ஒருநாள் ஆணி எடுத்துத் தன் பெயரைக் கீறத்தான் போகிறான். இந்த லட்சணத்துக்கு நவீனம் என்று பெயர்!

சரி... இதுவரைக்கும் சொன்னது பட்டறைக்காரன் தப்பு, போர்மேன் தப்பு. இனிமேல்தான் என் கதை.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாகுல் கேட்டான்.

"உம்மா... நான் போகாட்டா என்ன? இங்கனயே கடையைப் பாத்துக்கிடுதேன்."

மருமகள் ஜன்னத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். இந்த வீட்டில் கடைசிச் சொல் என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் மேலே பார்த்தேன். மாடி பாதியில் நிற்கிறது. கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. அவன் மகள் நர்ஸிங் படிக்கிறாள், இன்னும் முடியவில்லை. கடை ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் காரணங்களையாவது சொன்னேனா? அதுவும் இல்லை. ரொம்பக் கெட்டிக்காரி மாதிரி வேறொன்று சொன்னேன்.

"நீ அழிக்கலைன்னா இன்னொருத்தன் அழிக்கப் போறான். அந்தப் பேரு எப்படியும் நிக்கப் போறதில்லை. போயிட்டு வாப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. யாருடைய பேச்சு இது? சேரன்மகாதேவி அம்மாளுடையது. ஒரு தவலைக்காக அவளைக் கடையை விட்டு விரட்டியவள் நான். என் பிள்ளை வந்து நின்றபோது அவள் சொன்னதையே எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி உம்மா" என்றான். போய்விட்டான்.

போன பிறகு போன் வந்தால் எனக்குப் பயம். கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவானோ என்று. சொல்லவே இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா... இதுதான் பேச்சு. நானும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

செவ்வாய்க்கிழமை டி.வி.யில் அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை. அது சாகுல் பட்டறையில் இருந்து போனதுதானா? தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடியாவது மண்ணாவது, வந்துவிடு என்று சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நுழைந்தால் வீடே ஏலக்காய் வாசம். ஜன்னத் பாயசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, நல்ல நேரத்துக்கு வந்தீய! அவங்களை சூப்பர்வைசராப் போட்டுட்டாங்களாம். இந்தாங்க, நீங்களே பேசுங்க."

போனில் சாகுல் முகம். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"உம்மா, சந்தோஷந்தானே?"

"சந்தோஷம்லே. அந்த... உள்ள இறங்குத வேலை இப்பம் எப்படி இருக்கு?"

"நான் ஏன் உம்மா இறங்குதேன்? எனக்குக் கீழ ஆறு பேரு இருக்காங்க. நேத்துகூட ஒருத்தன் புதுசா வந்தவன், பேரைப் பாத்ததும் கிரைண்டரைக் கீழ வச்சிட்டு உக்காந்துட்டான். கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு, இவன் உக்காந்திருக்கான்!"

"நீ என்ன செஞ்சே?"

"போட்டேன் ஒரு சத்தம். எந்திரிச்சு வேலையைப் பாத்தான்."

"பாவம்லே அவன்."

"எல்லாம் பழகிரும் உம்மா. எனக்குப் பழகலையா?"

சிரித்தான். நல்லாத்தான் சிரித்தான். வந்துவிடு என்று சொல்லப் போன வார்த்தையை யாரிடம் சொல்ல? அதைக் கேட்க வேண்டிய ஆள் அந்தப் போனில் இல்லை.

ஜன்னத் டம்ளரை நீட்டினாள். குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

பிள்ளை தூர தேசத்தில் கஷ்டப்படுகிறான் என்றால் கூட உட்கார்ந்து அழ நாலு பேர் வருவார்கள். அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லாமல் போய்விட்டது என்றால்... எந்த வீட்டு வாசலில் போய் நான் அழ?