மார்த்தாவின் மூன்றாவது மகன்

ஜூன் 12, வியாழன். ஏழு மணிக்குத் தேநீர், இரண்டு ரொட்டி. பத்து மணிக்கு மனோர் பார்க் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறேன். திருச்சியில் நான் தினமும் கடக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லறையில் ‘தாமஸ், மனோர் பார்க் மார்த்தாவின் மகன்’ என்று இருக்கிறது. அந்தத் தாயைத் தேடித்தான் கடல் கடந்து இங்கே வந்தேன்.

புல் வெட்டும் யாழ்ப்பாணத்துக்காரர் பாசி பிடித்த கல்லொன்றில் தண்ணீர் ஊற்றுகிறார். எழுத்துகள் தெளிகின்றன: மார்த்தா, நான்கு சிப்பாய்களின் தாய். மூன்றாவது மகன் தாமஸ், இந்தியாவில் இறந்தான், புதைத்த இடம் தெரியவில்லை.

“இவர் எங்க ஊர்லதாங்க இருக்கார்!” என்று கத்திவிடுகிறேன். கைபேசியில் திருச்சிக் கல்லறையின் படத்தைக் காட்டுகிறேன்.

“எங்கட தாய்மாரும் இதைத்தானே கேட்டுக்கொண்டு நிக்கினம், பிள்ளை எங்கையெண்டு. என்னட்டச் சொல்லி என்ன, அக்கா? இந்தக் கல்லுக்குக் கீழ கிடக்கிற மனுசிக்குச் சொல்லுங்கோ!”

வெள்ளி. தேநீர்கூடக் குடிக்காமல், அச்செடுத்த படத்தை மழைக்குப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, மார்த்தாவின் கல்லடியில் வைத்தேன்.