சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய அண்ணி

எங்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷின் இருந்த மூலையில் இப்போது ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. அதன்மேல் அண்ணியின் வெளிர்நீலக் காட்டன் புடவையை மடித்துப் போர்த்தியிருக்கிறோம். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். கொக்கியை நானே நெம்பிக் கழற்றி வீசிவிட்டேன். அது ‘டிக்’கென்று விழும் சத்தம் எனக்கு ஆகாது. கூண்டை எடுத்துப் பரணில் போடுங்கள் என்று என் மனைவி வாரம் ஒருமுறை சொல்கிறாள். உள்ளே படுத்திருப்பதை யார் எடுத்து எங்கே போடுவது என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அண்ணி சேத்துப்பட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அண்ணன் மாரடைப்பில் போனபின் எங்களோடு வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டோம். அசையவில்லை. ஆரணியை ஒட்டிய சேவூரில், நெசவாளர் தெருவில், அண்ணனோடு குடியிருந்த அதே வாடகை வீட்டில் தனியாக இருந்தார். காலையில் பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். ஒரு மழைநாளில் அப்படித் திரும்பும்போது கைப்பையில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்ததாம். சாதாரண நாட்டு நாய், செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ‘பாப்பா’ என்று கூப்பிட்டார். எனக்கு நாய் என்றாலே பிடிக்காது. ஆனால் அண்ணன் போனபிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் குட்டி அவர் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடியபோதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் தெருவில் காலை வேளையில் பாவு விரிப்பார்கள். நீளநீளமான பட்டு இழைகளைத் தெருக்கோடிவரை இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக நின்று சரிசெய்வார்கள். அதன் குறுக்கே யாரும் சைக்கிளைக்கூட ஓட்டமாட்டார்கள். ஒருநாள் பாப்பா அதற்குள் பாய்ந்தது. சிக்கெடுக்க அன்றைக்கு முழுவதும் ஆயிற்று. வீட்டுக்காரர் வந்து, “டீச்சர், நீங்க நல்லவங்க. ஆனா இது நெசவுத் தெரு. அடைச்சி வைங்க, இல்லாட்டி எங்கியாவது குடுத்துடுங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் அண்ணிக்குப் பேச என்ன இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. அப்படித்தான் கூண்டு வந்தது.

பழக்கும் விதத்தைக் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூடி, குட்டி பதறுவதற்குள் திறக்க வேண்டும். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முக்கியமாக, கிளம்பும்போது கொஞ்சக் கூடாது, சொல்லிக்கொள்ளக் கூடாது. போவதும் வருவதும் பெரிய விஷயமே இல்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும். வாசல் தாண்டும்போது ‘போயிட்டு வரேன்’ சொல்லாவிட்டால் நம் ஊரில் யாருக்கும் கால் நகராது. அண்ணி பாடம் நடத்துவதுபோல் சொல்லாமல் கிளம்பப் பழகினார். கொக்கியைப் போடுவார், பையை எடுப்பார், திரும்பிப் பார்க்காமல் நடப்பார். தெருமுனை வந்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மத்தியானம் நான் என் கடையிலிருந்து போய்க் கூண்டைத் திறந்து, சோறு வைத்து, கொல்லையில் விட்டுவிட்டு வருவேன்.

கொஞ்ச நாளிலேயே குட்டி பழகிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படி இருக்கையில் ஒருநாள் மத்தியானம் போனால் தெருவே கூடியிருக்கிறது. குட்டியின் மூக்கிலும் முன்காலிலும் ரத்தம். கூண்டு வாசற்கதவுவரை நகர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “காலையிலேர்ந்து கத்திகினே கீதுங்க. மனசு கேக்கல. பூட்டு வேற போட்டுகினு இருக்குது, நாங்க என்னா பண்றது?” என்றார். வீட்டுக்காரர் கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அது இன்னும் பயமாக இருந்தது. குட்டியை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் என்னவோ குறைகிறது என்று பட்டது. தெருவில் அவ்வளவு அமைதி.

“என்னக்கா, தறியே ஓடலையா?”

“அமாவாசைங்க இன்னிக்கி. தறியில யார் குந்துவாங்க?”

அமாவாசையன்று தறி ஓடாது என்பது ஆரணியில் யாருக்குத் தெரியாது? எங்களுக்கும் தெரியும். ஆனால் கோயிலுக்குப் போகும் வீடுகளில்தான் அது ஒரு விசேஷ நாள். சர்ச்சுக்குப் போகும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கணக்கு. அன்றாடம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய தறிதான் குட்டியைத் தூங்கவைத்திருக்கிறது. நாங்கள் என்னவோ எங்கள் பயிற்சி என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் சொன்னதும் அண்ணி அழுவார் என்று நினைத்தேன். மாறாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். மறுநாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைப் பழைய செல்போனில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அமாவாசை வந்தால் கூண்டின்மேல் செல்போன் ஓடும். அக்காவே தினக் காலண்டரில் பார்த்து, “டீச்சர், நாளைக்கி உங்க பாப்பாவுக்கு ரேடியோ” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தெருவே சிரிக்கும். வீட்டுக்காரர்கூட பிஸ்கட் வாங்கி வர ஆரம்பித்தார்.

அந்த நல்ல காலம் நீளவில்லை. அண்ணியின் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷனுக்கு வரச்சொன்ன காலையில் கார் கொண்டுபோனேன். பாப்பா வளர்ந்திருந்தது, கூண்டுக்குள் சுருண்டுதான் படுக்க முடியும். அண்ணி தினமும் போலவே கொக்கியைப் போட்டார், பள்ளிக்கு எடுத்துப்போகும் பையையே எடுத்துக்கொண்டார்.

“ஒரு தரம் தடவிக் குடுத்துட்டு வாங்க, அண்ணி.”

“வேணாம் தம்பி. ஸ்கூலுக்குப் போறேன்னு நெனச்சிக்கும்.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காரில் படவேட்டு மலைப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போதெல்லாம் அண்ணிக்கு ஒரே கேள்விதான்.

“பாப்பா அழுவுதா?”

“இல்ல, அண்ணி. சமத்தா இருக்குது.”

“நல்லது” என்பார். கடைசியாகக் கேட்ட அன்றும் ‘நல்லது’ என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்சம் அழுதது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்தேன். அடுத்த முறை சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த முறை வாய்க்கவில்லை.

அண்ணியைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து பாப்பாவையும் கூண்டையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் குடியிருப்புப் பக்கம் தறி கிடையாது. அதனால் எல்லா நாளும் அமாவாசைதான். செல்போன் தினமும் ஓடுகிறது. சத்தம் கேட்டதும் பாப்பா தானாகக் கூண்டுக்குள் போய், வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும். அழுவதில்லை. குரைப்பதில்லை. இருட்டுகிற நேரத்தில், சேத்துப்பட்டு பஸ் வந்து சேரும் நேரத்தில், எழுந்து உட்காரும். யாரும் வராததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிடும். போனவர் வருவார் என்று அதற்கு அவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். ஒருநாளாவது அது ஊளையிட்டு அழுதால் எனக்கும் தேவலை.

டாக்டர் சொன்ன விதியை நான் மீறிவிட்டேன். காலையில் கடைக்குக் கிளம்பும்போது கூண்டுக்கு முன்னால் குனிந்து, “பாப்பா, போயிட்டு வரேன்” என்று சத்தமாகச் சொல்கிறேன். அண்ணி சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். அது தலையைக்கூடத் தூக்குவதில்லை. அது காத்திருப்பது எனக்காக இல்லை.