மதி ஊருக்கு ஒரு விசா

பேச்சியக்காவின் தம்பி கருப்பையா அண்ணன் எனக்குப் போன் செய்கிறவர் அல்ல. ஆகவே காலையில் தல்லாகுளத்தில் பேருந்தைவிட்டு இறங்கும்போது கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததுமே ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன். "சாந்தி, அக்கா போயிருச்சும்மா" என்றார். வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்ததைப் பார்த்து மாடியில் குடியிருப்பவர்கள் கதவைத் தட்டியதையும், உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் பிறகு மெதுவாகச் சொன்னார். நான் அலுவலகத்துக்குள் போகவில்லை. ஆனையூர் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அழுகை வரவில்லை. நீண்ட அலைச்சல் முடிந்து வீடு திரும்பும்போது உடம்பில் ஓர் அசதி இறங்குமே, அதுதான் வந்தது.

நம் வருவாய்த் துறை அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் பேச்சியம்மாளைத் தெரியும். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். உங்களில் பலருக்குப் பேச்சி மேடம், எனக்குப் பேச்சியக்கா. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில், அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த பெற்றோரின் மூத்த மகள். அந்தத் தெருவிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை லட்சுமி காய்ச்சலில் இறந்தபோது அவள் மகள் இந்துமதி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். குழந்தையின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். பேச்சியக்கா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆனையூருக்கு வந்தார். பள்ளிக்கூடம், கல்லூரி, அம்மை போட்டது, ருதுவானது, கல்யாணம் எல்லாம் அந்த வீட்டில்தான். தத்து எடுத்ததாகக் காகிதம் எதுவும் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மதி அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

மதி கணினி வேலைக்காகக் கணவரோடு ஐரோப்பாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அந்த நகரத்தின் பெயர் பேச்சியக்காவின் வாயில் நுழையாது. "மதி ஊரு" என்றுதான் சொல்வார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மதிக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதச் சுற்றுலா விசாவில் போய்ப் பேறுகாலம் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. அவர் விமானம் ஏறிய வாரத்தில் குழந்தை குப்புற விழப் பழகிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதி திரும்ப வேலைக்குப் போக வேண்டும். அந்த ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு சொந்தம் இல்லை. "நான் போயி ஒரு ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன் சாந்தி" என்றார். அப்படித்தான் அந்த நீண்டகால விசாவின் வேலை தொடங்கியது.

பெற்ற தாய் என்றால் மகளைச் சார்ந்து போவதற்கு ஒரு வழி இருந்தது. பெரியம்மாவுக்கு அந்த வழி இல்லை. அவர் தனி ஆளாக, தன் சொந்த வருமானத்தில் அங்கே யாருக்கும் பாரமில்லாமல் வாழ முடியும் என்று காட்ட வேண்டும். அந்த நாட்டில் ஒருவருக்கு மாதம் இவ்வளவு வேண்டும் என்று அவர்களே ஒரு தொகை வைத்திருந்தார்கள். நம் ஓய்வூதியம் மதுரையில் கௌரவமாகச் சாப்பிடப் போதும். அவர்கள் கணக்கில் பாதிக்கும் கீழே நின்றது. மாடி வாடகையைச் சேர்த்தும் எட்டவில்லை. மதி பதறிப்போய்த் தன் சேமிப்பை எடுத்துப் பெரியம்மா கணக்கில் போட்டுவிட்டாள். அந்தப் பணம்தான் முதல் மனுவைக் கெடுத்தது.

அந்த முதல் மனுவைக் கொடுக்க நான்தான் அவரோடு சென்னைக்குப் போனேன். விசா மையத்தில் இருந்த பெண் நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் பேசினாள். அங்கே இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். நான் அவளுக்குப் பெரியம்மா என்றார் பேச்சியக்கா. அவள் கணினியில் எதையோ தட்டினாள். என்ன போட்டாய் என்று இவர் கேட்டார். ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று போட்டிருப்பதாக அவள் சொன்னாள். அது சரிதானே என்றும் கேட்டாள். பேச்சியக்கா தலையாட்டினார். திரும்பி வரும் ரயில் விழுப்புரத்தைத் தாண்டியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரியம்மாங்கிற வார்த்தைக்குள்ள அம்மா இருக்கு. அந்தப் பிள்ள தட்டுனதுல இல்ல."

சில வாரங்களில் மனு நிராகரிக்கப்பட்டது. வருமானம் போதவில்லை, அண்மையில் வந்து சேர்ந்த பெரிய தொகை விண்ணப்பதாரருக்கே உரியது என்று காட்டப்படவில்லை. மதி போனில் அழுதாள். பேச்சியக்கா அவளைச் சமாதானப்படுத்திவிட்டு என்னிடம், "பிள்ள காசு என் காசு இல்லையாம்" என்றார். அதில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஊரில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். ஒரு முகவர், பெரிய தொகையை ஆறு மாதத்துக்கு உங்கள் கணக்கில் போட்டு வைக்கிறேன், அதற்கு வட்டி கொடுங்கள், நிலம் விற்ற பணம் என்று காகிதமும் தயார் செய்து தருகிறேன் என்றார். நிறைய பேர் அப்படித்தான் போகிறார்கள் என்றும் சொன்னார். பேச்சியக்கா அவரைத் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தவர், வெயிலில் குடையை விரித்தபடி என்னிடம் சொன்னார்: "பொய்யின்னு பயமில்லத்தா. அந்தப் பொய்ய மறக்காம ஞாபகம் வச்சுக்கிட்டே அங்க போயி இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

அதன் பிறகு இருந்தது அந்த ஒன்றரை ஏக்கர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடன் போட்டு வாங்கிய நிலம். அவர் அப்பா எந்தக் காட்டில் கூலிக்குப் போனாரோ அந்தக் காட்டின் ஒரு துண்டு. தம்பி கருப்பையாதான் அதில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைத்தார். விற்கலாமா என்று பேச்சியக்கா என்னிடம் கேட்டார். நிலம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்றேன். "பட்டா எம்பேருல. காலைல எந்திரிச்சுப் போறது அவன்தானே" என்றார். பல வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரருக்கு விற்றார். தம்பிக்கு ஒரு பங்கை அவர் கணக்கில் போட்டார். கருப்பையா அண்ணன் சண்டை போடவில்லை. பத்திரப்பதிவு அன்று வந்தார், சாட்சிக் கையெழுத்துப் போட்டார், அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

இரண்டாவது மனுவுக்கான ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் வலிக்கிறது. நில விற்பனைப் பத்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததற்கு நோட்டரி கையெழுத்து வேண்டும். பத்திரத்தில் பேச்சியம்மாள், ஓய்வூதியப் புத்தகத்தில் பேச்சியம்மாள் மு., வங்கியில் எம். பேச்சியம்மாள், மூவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி வேண்டும். மாடி வாடகைக்கு ஒப்பந்தம் வேண்டும். இத்தனை காலம் வாய்ப்பேச்சில் ஓடிய வாடகை அது. ஆடிட்டரிடம் ஒரு சான்று, வங்கியில் ஒரு சான்று. வங்கியில் முத்திரை தெளிவாக விழவில்லை என்று மறுபடி போனோம். வெயில் காலம் வேறு. நீதிமன்றத்துக்கு வெளியே மர நிழலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நின்றதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். என்ன மேடம் இந்தப் பக்கம் என்று கேட்டும் இருப்பீர்கள்.

சொத்து மதிப்புச் சான்றுக்காக நம் அலுவலகத்துக்கே வந்தார். எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னோம், டீ வாங்கி வந்தோம். ஆனால் அன்று சர்வர் வேலை செய்யவில்லை. யார் வந்தாலும் அதே கதிதான். மாலைவரை பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். படியிறங்கும்போது சொன்னதை அன்று கூட இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "இங்க உக்காந்து எம்புட்டுப் பேருக்கு வருமானம் கம்மின்னு எழுதிக் குடுத்திருப்பேன். இல்லன்னு காட்ட அவங்க பட்டபாட்ட விட, இருக்குன்னு காட்ட நான் படுறது ஒண்ணும் பெருசில்ல." சிரித்தார். ஆனால் கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசா கிடைத்தது. மதி வீட்டில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார். அவருடைய நல்ல காலம் அது என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். குளிரைப் பற்றியும், காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பார்த்ததைப் பற்றியும், குழந்தை சோற்றைத் துப்புவதைப் பற்றியும் சொல்வார். ஒருநாள், குழந்தை அம்மாச்சி என்று கூப்பிட்டுவிட்டது என்றார். பிறகு போனைக் குழந்தை பக்கம் திருப்பி, அதை இன்னொரு தரம் சொல்ல வைக்கப் பார்த்தார். குழந்தை சொல்லவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது என்று நான் சொன்னேன்.

ஆனால் அந்த விசாவைப் புதுப்பிக்க வேண்டும். மறுபடியும் வருமானம், மறுபடியும் இருப்பு, மறுபடியும் எல்லாவற்றுக்கும் சான்று. இதற்குள் அவர்கள் கேட்கும் தொகை ஏறியிருந்தது. காப்பீட்டுக்கும் கட்டணங்களுக்கும் இவர் பணம் கரைந்திருந்தது. ஒரு தடவை தட்டுத்தடுமாறிப் புதுப்பித்தாள் மதி. அடுத்த தடவை வரும்போது ஆனையூர் வீட்டை விற்கலாமா என்ற பேச்சு எழுந்தது. பேச்சியக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதை ஒரு காரணமாகச் சொன்னார். மதிக்கு அது பெரிய மனவருத்தம். என்னிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "ஒருக்கா என்னைய நிரூபிச்சுட்டேன். வருசா வருசம் முடியலத்தா."

திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் நான் காத்திருந்தேன். எனக்கு முன்பே கருப்பையா அண்ணன் ஒரு வாடகைக் காரோடு வந்து நின்றுகொண்டிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. அக்கா வெளியே வந்ததும் பெட்டிகளை வாங்கிக் காரில் ஏற்றினார். "வெயில் சாஸ்தி, தலைய மூடிக்கக்கா" என்றார். பேச்சியக்கா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நிலத்தைப் பற்றி அன்றும் அதன் பிறகும் இருவரும் பேசியதாக நான் அறியவில்லை. வாரம் ஒருமுறை அவர் கல்லுப்பட்டியிலிருந்து வருவார், டீ குடிப்பார், பல்பு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். தினமும் மதியின் குழந்தை வீடியோவில் வரும்; விடுமுறைக்கு மதியும் வந்து போனாள். அப்படியே காலம் போயிற்று. இப்போது இந்தச் செய்தி.

மதி வந்து சேர ஒன்றரை நாளுக்கு மேலாகும் என்றதும், அதுவரை வைத்திருக்க வேண்டாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். கருப்பையா அண்ணன் குளிர்பதனப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, காத்திருப்போம் என்றார். இரங்கல் சுவரொட்டிக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தபோது நான் அண்ணன் பக்கத்தில் இருந்தேன். பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்துமதி என்றதும், மகளா, தங்கச்சி மகளா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்போல. அவர் அதட்டவில்லை, விளக்கவும் இல்லை.

"மகள்னு போடுங்க" என்றார்.

மறுநாள் இரவு விமான நிலையத்திலிருந்து வந்த மதி, தெருமுனைச் சுவரில் அதைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டாள். பசை இன்னும் காயவில்லை.

நான் பேச்சியக்காவிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவர் இருந்த பிரிவில் இப்போது நான் இருக்கிறேன். அவர் காலத்தில் யார் உள்ளே வந்தாலும் முதலில் உக்காருங்க என்பார்; மனுவுக்குக் கை நீட்டுவது அதற்குப் பிறகுதான். இப்போது மனு எல்லாம் கணினியில் வருகிறது. இடநெருக்கடியில் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலிகளையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மனிதர்கள் வருவது நிற்கவில்லை. காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பேத்தியின் படிப்பு உதவித்தொகைக்காக ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உக்காருங்கய்யா என்றேன். அவர் சுற்றிப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பதிவறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டேன். அவர் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன்.