கதவைச் சாத்தினால் காற்று எங்கே போகும்

அந்த அறிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். காற்றும் நீரும் ஓர் இடத்தில் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். ஆம்பூர் பக்கத்துத் தோல் ஷாப் ஒன்று (தோல் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடிக்கும் கூடத்தில் இன்னொரு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவையா என்று கேட்டு வந்தது. அதே கூடத்தில்தான் என் அக்கா வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் இருமிக்கொண்டிருப்பாள்.

அதனால் இந்த வேலையை ஆசையாகச் செய்தேன். ஃபேன் வேகத்தை மாற்றி, ஸ்ப்ரே கன்களைக் கூட்டிக் குறைத்து, கதவைத் திறந்து, சாத்தி என்று ஒவ்வொன்றையும் கையால் ஓட்டினால் கண் பூத்துவிடும்; நடுவில் ஒன்றிரண்டு விட்டும் போகும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாற வேண்டியவற்றை ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் போதும். அதுவே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, படம் போட்டு, அறிக்கையையும் தயார் செய்து, செய்தவர் என்று என் பெயரையும் அச்சடித்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

கதவு திறந்திருந்தால் காற்று சுத்தம். சாத்தினால், இருக்கிற ஃபேனை எவ்வளவு வேகமாக்கினாலும் சாய ஆவி மூக்கு உயரத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றது; இன்னொன்று வைத்தே ஆக வேண்டும். படங்களைப் பார்த்த எங்கள் மேனேஜர் முகம் சுளித்தார்.

"கதவு சாத்துனது எதுக்கும்மா? நான் போனப்ப தொறந்துதானே இருந்துச்சு?"

"நீங்க வர்றீங்கன்னு தொறந்திருப்பாங்க சார். ஈரத் தோல்ல தூசி ஒட்டிக்கும்னு வேலை நேரத்துல சாத்திதான் வைப்பாங்க."

"கஸ்டமர் அத கேக்கல. எடுத்துடு."

எடுக்க மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "பேஜார் பண்ணாதம்மா" என்று முனகிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என்ன மடத்தனம்! மறுநாள் நான் லீவு. அவர் அந்த ஃபைலைத் திறந்து, கதவு சாத்திய வரியை மட்டும் அழித்துவிட்டு, ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டார். கையால் செய்யும் வேலையாக இருந்திருந்தால் என்னிடம் கெஞ்சவாவது வந்திருப்பார். மத்தியானத்துக்குள் அறிக்கை போய்விட்டது.

திரும்பி வந்து கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"அதுல எதும்மா பொய்? எல்லாம் நீ போட்ட கணக்குதானே?"

அந்த வார்த்தைதான் இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். உண்மையின் ஒரு பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக்கு என்னையே சாட்சிக்கு இழுக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா வேலை முடிந்து வந்து பையைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி, புது ஃபேன் வரும்னியே? இருக்கிறதே போதும்னுட்டாங்க. ரிப்போர்ட்டை எல்லாருக்கும் காட்னாங்க."

"அது நான் குடுத்தது இல்லக்கா" என்றேன்.

"உன் பேரு இருந்துச்சே! கூட வேல செய்றவங்க சண்டைக்கே போய்ட்டாங்க. என் தங்கச்சி போட்டது, சரியாதான் இருக்கும்னு நான்தான் அவங்கள அடக்கி உக்கார வச்சேன்."