க்ரூக் என்ற சொல்லுக்கு வதனி அக்கா வைத்த முற்றுப்புள்ளி

செவ்வாய்க்கிழமை மகனை நர்சரியில் விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தோழி சுதா போன் செய்தாள். "வதனி அக்கா போயிட்டாவாம். நித்திரையிலயாம்." நான் முதலில் கேட்டது "ஏன்?" என்றுதான். எதற்கும் காரணம் கேட்கிற ஆள் நான். அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரில் அவர் எழுதிய சொல் வரலாற்றுப் பக்கத்தைப் படித்திருப்பீர்கள். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் பதினோரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். கழுவிய பாத்திரங்களின் பெயர்களைத்தான் பிறகு அகராதி அகராதியாகத் தேடினார்.

போன மலரில் க்ரூக். ஜெர்மன்காரர் பியர் குடிக்கும் கைப்பிடி வைத்த பெரிய குவளை. பழைய ஜெர்மனிலும் சொல்லுக்குக் கிட்டத்தட்ட அதே உருவம், பழைய ஆங்கிலத்தில் ஓர் உறவுச் சொல். அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது என்று எழுதி நிறுத்திவிட்டார். தட்டச்சு செய்த எனக்குப் பொறுக்கவில்லை. 'நம் கரகமே அங்கே க்ரூக் ஆயிற்று' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏன் பிள்ளை, ஜெர்மன்காரனுக்குப் பியர் குடிக்கவும் நாங்களே பழக்கினது?"

"சத்தம் ஒத்து வருதே அக்கா."

"ஒத்து வந்தாப் போதுமோ? கரகம் அங்க போன வழியைக் காட்டு, நானே போடுறன். காட்ட ஏலாட்டி, தெரியாதெண்டே இருக்கட்டும். அதில என்ன வெக்கம்?"

வரியை வெட்டினார்.

அந்த மாதம்தான், மூன்று வயதாகியும் பேசாத என் மகனை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வீட்டில் இரண்டு மொழி பேசியதால், வயிற்றில் அவனோடு ஷிப்ட் ஷிப்டாக வேலைக்கு ஓடியதால், அழுதபோதெல்லாம் போனைக் கொடுத்ததால் என்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். பள்ளிச் சமையலறையில் அதையெல்லாம் அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"உன்னாலதான் எண்டு டொக்டர் சொன்னவரோ?"

"இல்லை. காரணம் இன்னும் தெரியாதாம்."

"அப்ப அவர் ஒழுங்கா எழுதியிருக்கிறார். நீ ஏன் அதில ஒரு வரி சேர்க்கிறாய்?"

என்னை யாரும் அப்படித் தேற்றியதில்லை. அது தேற்றல் என்றுகூட அப்போது எனக்குப் படவில்லை.

மகன் இன்னும் பேசவில்லை. பயமும் போகவில்லை, இதை எழுதும்போதும் இருமுறை எழுந்து போய் அவன் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே விட்டுவைக்கும் துணிவு, கொஞ்சமாவது, அக்காவிடமிருந்து என்னிடம் வந்திருக்கிறது. நேற்று அவனுடைய புதிய மருத்துவப் படிவத்தில், காரணம் என்னவென்று பெற்றோராகிய நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். தெரியாது என்று மட்டும் எழுதிவிட்டு, அவனைக் குளியலறையில் முழுக வார்க்கப் போனேன்.